நாலாவது ஸ்பீக்கரில் ரப்பர் பால்

அன்று மதியம் குளத்தூர் கிளப்பில் இருந்தவர்கள் ஆறு பேர். மைக் செட் கடை முதலாளி. அவரிடம் ஸ்பீக்கர் பழுது பார்க்கிற நான். கிட்டார் வாசிக்கிறவன். டிரம்ஸ் அடிக்கிறவன். கிளப் செயலாளர். ஸ்பீக்கர் பெட்டிக்குச் சொந்தக்காரரான பூவார் அண்ணன். பாஸ் கிட்டார்க்காரனும் வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வீட்டில் அன்றைக்குக் கிணறு இறைத்தார்கள், வரவில்லை. வாசலில் ஒரு ஆடு நின்றது, அதை நான் சேர்க்கவில்லை. இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவன் நான்தான் என்று பிற்பாடு சொல்லித் திரிந்தவர்களை எல்லாம் உள்ளே விட்டால் கிளப் கூடம் கொள்ளாது.

அன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே காரியம். மறுநாள் காலையில் நான் கடை மேசையில் உட்காருவேனா, தென்னையில் ஏறுவேனா?

மைக் செட் வேலையில் இரண்டு வகை. ஒன்று, கடையில் மேசைக்கு முன்னால் இருந்து கிழிந்த ஸ்பீக்கரை ஒட்டுவது, கருகிய காயிலை மாற்றுவது. இன்னொன்று, கோயில் உற்சவத்துக்கும் சபைக் கன்வென்ஷனுக்கும் குழாய் ஒலிபெருக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னையில் ஏறிக் கட்டுவது. நான் ஒரே ஒரு தடவை ஏறினேன். பாதி உயரத்தில் மரத்தைக் கட்டிப் பிடித்தவன்தான், மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. என்னை இறக்க இன்னொருவன் ஏறினான். பக்கத்துப் பந்தலில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு முதலாளி என்னை மேசையில் உட்கார வைத்தார். ஒன்பதாம் வகுப்பில் அரைப் பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே போனாலும் நெஞ்சு கிடந்து அடிக்கும். அந்த மேசைக்கு முன்னால் மட்டும் அடிக்காது. பசை காய்ந்ததா என்று மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவனை வீட்டில் பைத்தியம் என்பார்கள். கடையில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

கிட்டார்க்காரன் எங்களிடம் வந்தது ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில். ஞாயிறு காலையில் அவன் எங்கள் பக்கத்து மிஷன் சபையில் கீர்த்தனைக்கு வாசிப்பான். மற்ற நாளில் இரண்டு கூட்டுக்காரர்களோடு மெட்டல் ராக் வாசிப்பான். மழைக்கு ரப்பர் வெட்டு நின்றுபோய்விடும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகை சும்மா கிடக்கும். அதற்குள்ளேதான் அவர்கள் பழகினார்கள். வெளியே வரும்போது கிட்டார், டிரம்ஸ், தலைமுடி எல்லாமே புகை மணக்கும். ஓணத்துக்குக் குளத்தூர் கிளப்பில் சினிமாப் பாட்டுக் கானமேளைக்கு முன்னால் இருபது நிமிடம் தரலாம் என்று செயலாளர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு வாரம் முன்பே வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடிக்காவிட்டால் அந்த இருபது நிமிடம் கயிறு இழுக்கிற வடம்வலிக்காரர்களுக்கு.

பிரச்சனை என்னவென்றால், எங்கள் கடையின் புது ஸ்பீக்கரில் அவன் கிட்டாரைப் போட்டால் தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிறது போலிருந்தது. அவன் ஒரு கேசட் கொண்டுவந்திருந்தான். கடை டேப் ரிக்கார்டரில் போட்டான்.

"அண்ணே, இதக் கேளுங்க. இதுவும் இரைச்சல்தான். ஆனா காதுல குத்துதா? நெஞ்சுலதான இடிக்கு? எனக்கு இந்தச் சத்தமாக்கும் வேணும்."

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "எலே, நம்ம புது ஸ்பீக்கர்ல உபதேசியாருக்க இருமல்கூட கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேக்கும். அதுக்கு மேல உனக்கு என்னடே வேணும்?"

எனக்கு அந்தப் பேச்சு மண்டையில் மாட்டிக்கொண்டது. மூன்று நாள் கேசட்டையே திரும்பத் திரும்பப் போட்டேன். உபதேசியாரின் இருமல் தெளிவாகக் கேட்பதுதான் இங்கே கோளாறு என்று மெதுவாகப் புரிந்தது. கிட்டாரை அவன் காலடியில் இருக்கிற சின்னப் பெட்டி வழியாக விடும்போது சத்தம் நொறுங்கிவிடுகிறது. நொறுங்கியதில் கல்லும் உண்டு, பொடி மணலும் உண்டு. எங்கள் ஸ்பீக்கர் அந்த மணலையும் ஒரு பொடி விடாமல் அள்ளிக் காதில் கொட்டுகிறது. கேசட்டில் வாசித்தவனின் ஸ்பீக்கரோ மணலை விழுங்கிக்கொண்டு கல்லை மட்டும் எறிகிறது. நல்ல ஸ்பீக்கர் எதையும் மறைக்காது என்று படித்து வேலை செய்தவன் நான். மறைக்கத் தெரிந்த ஸ்பீக்கருக்கு எங்கே போக?

பூவாருக்குப் போனோம். கிட்டார்க்காரனின் சபையில் யாரோ சொன்னார்கள், மஸ்கட்டில் இருந்து வந்த ஒருவர் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதென்று. இருந்தது. அதன் மேல் டிவி. டிவிக்கு மேல் கொக்கிப்பின்னல் துணி. அதற்கு மேல் பிளாஸ்டிக் ரோஜா.

"நான் வேல பாத்த ஓட்டல்ல பாட்டுக்காரங்க போட்டுட்டுப் போன சாதனமாக்கும்," என்றார் பூவார் அண்ணன். "பின்பலகையக் கழத்தி, உள்ள பால்பொடி, கம்பிளி, குக்கர் எல்லாம் ஒக்க அடுக்கிக் கப்பல்ல அனுப்பினேன். நல்ல பலகை. பெட்டி வாங்கின பைசா லாபம்."

"உள்ள ஸ்பீக்கர் உண்டா அண்ணே?"

"நாலெண்ணம் உண்டு. கழத்தினா பெட்டி ஆடும்னு விட்டேன்."

டிவியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினேன். பன்னிரண்டு அங்குலத்தில் நாலு ஸ்பீக்கர்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது செய்தவையாக இருக்க வேண்டும். கோன் வெறும் காகிதம். விளிம்பில் துணி கிடையாது, அதே காகிதத்தைத்தான் அலை அலையாக மடித்திருந்தார்கள். ஓட்டலின் சிகரெட்டுப் புகை குடித்து நாலும் தேயிலை நிறம். காயில் சுற்றியிருந்த குழலும் காகிதமே. எங்கள் புது ஸ்பீக்கரின் பாதிக் கனம்கூட இல்லை. விரல்களை வட்டமாக வைத்து ஒவ்வொன்றையும் மெல்ல அழுத்திப் பார்த்தேன், உள்ளே எதுவும் உரசவில்லை. நாலாவதில் மட்டும் மூன்று விரல் நீளத்துக்குக் கிழிசல். குக்கரின் கைப்பிடி குத்தியது.

"ஓணத்துக்குப் பிறகு பெட்டி திரும்ப வரணும்," என்றார் பூவார் அண்ணன். "டிவி தரையில இருந்தா எனக்க பெண்டாட்டி என்னையும் தரையில இருத்துவா."

கடையில் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று கிடந்தது. கிழியாத மூன்றையும் அதில் இணைத்தேன். கிட்டார்க்காரன் இரண்டு தடித்த கம்பிகளைச் சேர்த்து, உள்ளங்கையின் ஓரத்தால் அமுக்கி ஒரு அடி அடித்தான். மேசையில் இருந்த திருகாணிகள் எழுந்து நின்றது மாதிரி இருந்தது. நான் கோன் முன்னால் கையை வைத்தேன். சத்தம் கூடக்கூட அந்தக் காகிதம் அங்கங்கே தன் இஷ்டத்துக்கு நடுங்கியது. அந்த நடுக்கமும் கிட்டாரோடு சேர்ந்து ஒரு உறுமலாக வந்தது. இன்னும் அழுத்தினால் ஸ்பீக்கர் கொஞ்சம் பின்வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி முன்னே தள்ளியது. மேலே கத்துகிற சத்தம் மட்டும் ஒரு இடத்தில் கத்தியால் வெட்டினது போல நின்றுவிட்டது.

"அண்ணே," என்றான் அவன். மறுபடி அதே கம்பிகளை அடித்தான்.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கிழிசலுக்கு மெல்லிய காகிதம் வேண்டும். பூவார் அண்ணன் மஸ்கட்டிலிருந்து எழுதிய ஏர்மெயில் கடிதம் ஒன்றை அவர் வீட்டிலேயே வாங்கி வந்திருந்தேன். எழுத்தில்லாத ஓரத்தைக் கிழித்து இருபுறமும் ஒட்டினேன். நன்றாகப் பிடித்தது. ஆனால் ஓணத்துக்கு மழை வருமே? எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உற்சவத்துக்குப் போகிற ஸ்பீக்கர்களுக்கு ரப்பர் பாலில் விளக்குக் கரியைக் குழைத்து இரண்டு பூச்சுப் பூசுவோம். வைகாசி நடுவில் கொட்டுகிற இடவப்பாதி மழையே பெய்தாலும் அந்தக் காகிதம் நனையாது. ஒட்டின இடத்தில் மட்டும் பூச நினைத்துத்தான் தூரிகையை எடுத்தேன். பிறகு விளிம்பு நனைந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. விளிம்பில் பூசினேன். நடுவில் சாரல் பட்டால்? நடுவிலும் பூசினேன். நாலாவதை முழுக்கப் பூசி முடித்தபோது மூன்றாவது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் இரண்டு பூச்சு. மற்ற இரண்டும் தப்பியது பால் தீர்ந்துபோனதால்.

மறுநாள் கிட்டார்க்காரன் வந்து பால் பூசின இரண்டையும் தனியாக வாசித்துப் பார்த்தான். கம்பிளியைப் போத்திக்கொண்டு ஒருவன் முனகுகிறது போல் இருந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை மெதுவாக மூடினான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி வந்து பார்த்தார். "பயந்து பேடிச்சு நீ அதுக்க மூச்ச அடச்சிட்டியே மக்கா. செரி, விடு. நம்ம புது ஸ்பீக்கரயே கொண்டு போவோம்."

"வேண்டாம் முதலாளி," என்றேன்.

அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. "என்னது?"

"மூணு நாள் தாருங்க. நான் இதச் செரியாக்குவேன். பழசுதான் வேணும்."

அவர் நாலாவது ஸ்பீக்கரை விரலால் சுண்டிப் பார்த்தார். "மூணு நாள் சம்பளம் கெடயாது, கேட்டியா? இந்தப் பழைய காயிதத்த வச்சு அந்த செக்ரட்டறி தலையாட்டினா பாப்போம். ஆட்டலேன்னா மறுநாள் தொட்டு நீ தெங்குல ஏறிக் குழாய் கெட்டணும். மேசைக்கு வேற ஆளப் போடுவேன். சம்மதமா?"

சம்மதம் என்று என் வாய் சொன்னது.

ரப்பர் வெட்டுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு காரியம் தெரியும். காய்ந்த பாலைக் கட்டைவிரலால் உருட்டினால் அது உருண்டு உருண்டு கூடவே வரும். சின்ன வயதில் நாங்கள் பந்து செய்வது அப்படித்தான். மூன்றாவது ஸ்பீக்கரின் முன்னால் உட்கார்ந்து உருட்டினேன். அழுத்தினால் காகிதம் கிழியும், அழுத்தாவிட்டால் பால் வராது. ஒரு தீப்பெட்டி அளவு இடம் சுத்தமாக ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாம் நாள் விரலில் தோல் உரிந்தது, அடுத்த விரலுக்கு மாறினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மூன்றாவது ஸ்பீக்கரில் விளிம்பைத் தவிர எங்கும் பால் இல்லை. பக்கத்தில் கரிய உருண்டைகள் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய இருந்தன. தட்டிப் பார்த்தேன், பழைய குரல் திரும்பியிருந்தது.

நாலாவதில் கை வைத்தேன். ஒட்டுப்போட்ட இடத்தில் பாலோடு காகிதமும் கிளம்பியது. விட்டுவிட்டேன். அதை அப்படியே கீழ் வரிசையில் வலது மூலையில் மாட்டி, முன்துணியை இழுத்து மூடி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். நாலில் மூன்று நன்றாக இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நாள் வந்தது. பெட்டியைக் கிளப் கூடத்தில் வைத்தோம். பூவார் அண்ணன் அதைத் தொட்டபடியே நின்றார். செயலாளரோ கூடத்தில் கேட்க மாட்டாராம்.

"ஆளுகள் நிக்கப்போறது கிரவுண்டுலயில்லா? நான் அங்க நிக்கிறேன். அங்க எப்பிடி வருதுன்னு கேக்கணும்," என்று சொல்லிவிட்டு மைதானத்தின் மறுகோடிக்கு நடந்தார்.

நான் இதை நினைத்திருக்கவில்லை. மைதானம் வரைக்கும் சத்தம் போக வேண்டுமென்றால் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைத்து, முதலாளி மைதானத்தைப் பார்த்து வைத்திருந்த எங்கள் கடையின் புது ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் விட வேண்டும். கிட்டார்க்காரன் முன்துணியைக் கழற்றாமலே மேல் வரிசையின் முதல் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்தான். அடித்தான். கூடத்துக்குள் கம்பீரமாக இருந்தது. மைதானத்தில் பழைய தகரம். மைக் காகிதத்துக்கு இவ்வளவு கிட்டே இருக்கும்போது மிச்சமிருக்கிற மணலையும் பொறுக்கி எடுத்துவிடுகிறது, எங்கள் புது ஸ்பீக்கர் அதை ஊருக்கே சொல்லிவிடுகிறது. செயலாளர் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார்.

இரண்டாவதில் வைத்தான். கொஞ்சம் பரவாயில்லை. பொத்தின கை இறங்கவில்லை. மூன்றாவதில் வைத்தான், என் விரல் தோலெல்லாம் கொடுத்து மீட்ட அந்த மூன்றாவதில். செயலாளர் தூரத்திலிருந்து கையை ஆட்டினார். "வேண்டா, வேண்டா! மதி, போதும்!"

கிளப் மூலையில் ஒரு தென்னை நின்றது. முதலாளி அதை அடியிலிருந்து முடி வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்ல உயரம், இல்லியா?" என்றார்.

கிட்டார்க்காரன் குனிந்து மைக்கை நாலாவதுக்கு நகர்த்தினான்.

"அது வேண்டாம் மக்கா," என்றேன். "அதுல வைக்காத."

"ஏன்ணே?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து, கம்பியை அமுக்கி, அடித்தான்.

மைதானத்தில் ஏதோ பெரிய மிருகம் எழுந்து நின்றது. அப்படித்தான் சொல்ல வரும். கூர்மை ஒன்றுமில்லை, மணல் ஒன்றுமில்லை. தொண்டையும் நெஞ்சும் மட்டும். ஒவ்வொரு அடியும் கறுப்பாக, கனமாக, முழுசாக வந்து விழுந்தது. அடிக்கு அடி நடுவில் அமைதி தெரிந்தது. அந்த அமைதிக்கும் கனம் இருந்தது. கேசட்டில் கேட்டதைவிடத் தடித்த சத்தம். டிரம்ஸ்காரனை யாரும் அடிக்கச் சொல்லவில்லை. அவன் கையை அடக்க முடியாமல் உள்ளே குதித்துவிட்டான். வாசலில் நின்ற ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது. செயலாளர் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார். நடந்தவர் பாதி வழியில் தலையை ஆட்ட ஆரம்பித்தார், மெட்டலுக்கு ஆட்டுவது போல் இல்லை, செண்டை மேளத்துக்கு ஆட்டுவது போல. எப்படியானாலும் தலை ஆடியது. எனக்கு அது போதும்.

வாசித்து நிறுத்தியதும் பூவார் அண்ணன்தான் முதலில் பேசினார். "எனக்க டிவிக்க அடியில இதா இருந்துது இவ்வளவு நாளும்?"

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றார் செயலாளர், மூச்சு வாங்கிக்கொண்டு. "நல்ல அசலாயிட்டுண்டு. இதே மாதிரி அன்னைக்கும் வரணும், கேட்டோ."

கிட்டார்க்காரன் நாலாவது ஸ்பீக்கரின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, முன்துணியை விலக்கி, அதைத் தொட்டுப் பார்த்தான். விரலை முகர்ந்தான். "அண்ணே, இது..."

"ஆமா," என்றேன். "இதுலயாக்கும் பால் இருக்கு. உருட்டிக் களைய முடியல. சொல்லப் பேடிச்சேன்."

அவன் தரையில் மல்லாந்து விழுந்து சிரித்தான். "மத்தத எதுக்குண்ணே உருட்டினிய? விரல் ஒக்கப் போச்சே!"

அவன் சொன்னது பாதிதான் சரி என்று பிற்பாடு நிதானமாகப் பார்த்தபோது தெரிந்தது. நாலையும் பூசியிருந்தால் கூடத்தில் கம்பிளி முனகல்தான் கிடைத்திருக்கும், வாசிக்கிறவனுக்கே கை ஓடாது. மூன்று வெறும் காகிதம் அவனுக்கு வெறி ஏற்றியது. பால் தேய்த்த ஒன்று ஊருக்குப் போகிற சத்தத்தில் மணலை வடிகட்டியது. என் பயம் நாலில் ஒன்றில் மட்டும் தங்கியதால் அது வேலைக்கு ஆனது.

ஓணத்தன்றைக்கு மழை வந்தது. நல்ல தூறல். பெட்டிக்கு மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நானும் பூவார் அண்ணனும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். சாரல் முன்துணி கழற்றின நாலாவது ஸ்பீக்கரின் நடுவிலேயே விழுந்தது. துளி துளியாக உருண்டு கீழே போயிற்று, பூசினவன் நினைத்த மாதிரியே. கூட்டம் நனைந்துகொண்டு நின்றது. வடம்வலிக்கு வந்த தடியன்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மேடைக்கு முன்னால் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குதித்தார்கள். சபையிலிருந்து வந்த இரண்டு அம்மாமார் காதில் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு கடைசி வரைக்கும் போகாமல் நின்றார்கள். இருபது நிமிடம் நாற்பதானது. கானமேளைக்காரர்கள் மேடைக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைக் காட்டினார்கள், செயலாளர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் பிடித்திருந்த தார்ப்பாயின் மூலை நடுங்கியது. கையைப் பார்த்தேன். கை நடுங்கவில்லை. சத்தத்தில் தார்ப்பாய்தான் நடுங்கியது.

முடிந்ததும் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த முதலாளியிடம் போனேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

"முதலாளி, செக்ரட்டறி தலையாட்டினாரு, இல்லியா?"

"ஆட்டினான், ஆட்டினான். அதான் அன்னைக்குத் தொட்டு நீ மேசையிலதான இருக்க. தெங்கு அங்கதான் நிக்கும்."

"மூணு நாள் சம்பளம்?"

அவர் ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதுவரைக்கும் நான் யாரிடமும் பணம் என்று வாய் திறந்து கேட்டதில்லை, அவருக்கும் அது தெரியும். மேசைக்கு நாளொன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய். மூன்று நாளைக்கு நூற்றைந்து. சட்டைப்பையில் கையை விட்டு, நனைந்த ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் ஒட்டினார்.

"மிச்சம் சனியாழ்ச்ச தாறேன்," என்றார்.

ஐம்பத்தைந்து ரூபாய் இன்னும் வர வேண்டியிருக்கிறது.